புயலை எதிர்கொண்ட மக்கள்: வங்காளதேசத்தின் அனுபவம்

“இயற்கையின் சீற்றம்” என்ற தொடர் நம் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தமானது. வெள்ளம் வந்தாலும், மலை சரிந்தாலும், புயல் அடித்தாலும் மறுநாட் காலையில் அத்தொடர் முதற்பக்கத்தில் வந்து அமர்ந்துவிடும். அதில் ஒரு வசதி உண்டு. சீறியது இயற்கை, ஆகவே பொறுப்பாளி எவருமில்லை. இறந்தோரை எண்ணுவதோடு கடமை முடிந்துவிடுகின்றது. இறந்தோர் எத்தகையோர், எந்நிலத்திற் குடியிருந்தனர், அந்நிலத்தை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இருந்ததா என்ற கேள்விகள் எழுவதில்லை.

இக்கேள்விகளை எழுப்பிப் பார்ப்பதற்கு வங்காளதேசத்தின் வரலாற்றைப் போலத் தெளிவான ஓர் உதாரணம் கிடைப்பது அரிது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கிய அந்நாட்டின் தென்கரையைத் தாக்கிய புயலில் மாண்டோர் தொகை மூன்று இலட்சத்திற்கும் ஐந்து இலட்சத்திற்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. 37 ஆண்டுகளின் பின்னர், 2007 நவம்பர் 15ஆம் நாள், அதே தென்கரையில் ஏறிய சிடர் புயல் வேகத்தில் முந்தியதற்கு இளைத்ததன்று. அதில் இறந்தோர் 3,400க்குச் சற்று மேற்பட்டோர். 2020 மே மாதத்தில் அம்பன் புயல் வந்தபோது இருபது இலட்சத்திற்கும் அதிகமான மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்நாட்டில் உயிரிழந்தோர் தொகை சில பத்துக்களில் அடங்கிவிட்டது. அம்பனின் மையம் மேற்கு வங்கத்திற் கரை கடந்தது என்பதையும், சிடரின் முதல் அடியைச் சுந்தரவனக் காடுகள் தாங்கின என்பதையும் ஒப்பீட்டிலே கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். கழித்த பின்னும் வித்தியாசம் பெரிது. கடல் அதே கடல். காற்று அதே காற்று. இடையில் மாறியது என்ன?

முதலிற் கடலைப் பற்றிச் சிறிது. வங்காள விரிகுடா வடக்கே செல்லச் செல்லப் புனல்போல ஒடுங்குவது, ஆழமும் குறைந்தது. தெற்கே பிறக்கும் புயல் நீரைத் தள்ளிக்கொண்டு வடக்கே வரும்போது அந்நீருக்குப் பரவ இடமில்லை. உயர்ந்து கரையில் ஏறுகின்றது. நமக்கும் இக்கடல் அந்நியமானதன்று. 1964 டிசம்பரில் மன்னாரைத் தாக்கிய புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும், 2025 நவம்பரில் மலையகத்தின் சரிவுகளைப் பெயர்த்த டித்வாவும் இவ்விரிகுடாவின் பிள்ளைகளே. ஆயின் மேக்னா நதியின் கழிமுகத்தில் நிலைமை வேறு. கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும் ஒன்றாய்க் கடலில் இறங்குமிடம் அது. அவை சுமந்து வரும் வண்டல் புதிய தீவுகளாகப் படிகின்றது. அடுத்த ஆண்டே கரைந்தும் போகின்றது. “சர்” எனப்படும் இவ்வண்டல் நிலங்கள் கடல் மட்டத்திலிருந்து சில அடி உயரமே உடையவை.

இத்தகைய நிலத்தில் வாழ விரும்பி எவரும் போவதில்லை. உள்நாட்டில் நிலமிழந்தவர், ஆற்றரிப்பில் வீடிழந்தவர், குத்தகை கொடுக்க முடியாது வெளியேற்றப்பட்டவர் ஆகியோரே அங்கு சென்று குடியேறினர். அங்கும் நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. வண்டல் தலைகாட்டியவுடனே ஜோத்தார் எனப்படும் நிலவுடைமையாளர் தம் தடியர்களை அனுப்பி அதனைக் கைப்பற்றுவர். உழுது விதைப்பவன் விளைச்சலிற் பாதியைக் கொடுத்து அங்கே குந்தியிருக்கலாம். கடலுக்கும் ஜோத்தாருக்கும் இடையில் அமைந்தது அவன் குடிசை. புயலின் வரலாற்றை எழுத முற்படுவோர் இக்குடிசையிலிருந்தே தொடங்கவேண்டும்.

புயல் எச்சரிக்கை என்பது இக்குடிசைக்காரனுக்காகப் பிறந்ததன்று. “சைக்கிளோன்” என்ற சொல்லையே வழக்கிற்குக் கொண்டுவந்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். 1840களில் மாலுமிகளின் உபயோகத்திற்காக அவர் எழுதிய நூலிலேயே அது இடம்பெற்றது. 1864இல் கல்கத்தாத் துறைமுகத்திற் கப்பல்களைப் புரட்டியெறிந்த பெரும் புயலுக்குப் பின்னர், 1865இல் அத்துறைமுகத்திற்கென எச்சரிக்கை முறையொன்று ஏற்படுத்தப்பட்டது. சரக்கும் கப்பலும் காக்கப்படல் வேண்டும் என்பதில் வணிகர் கொண்ட கவலை அது. பதினொரு ஆண்டுகளின் பின், 1876ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாளிரவு பாக்கர்கஞ்ச் மாவட்டத்துக் கழிமுகத்தில் கடல் ஏறியபோது, அங்கிருந்த விவசாயிகளுக்கு எந்த அடையாளமும் ஏற்றிக் காட்டப்படவில்லை. கடல் கொண்டது போக எஞ்சியோரைக் கொலரா கொண்டது. இரண்டும் சேர்ந்து இரண்டு இலட்சம் உயிர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அன்றைய துணை ஆளுநர் சேர் றிச்சட் டெம்பிள் நேரிற் சென்று பார்வையிட்டார். நிவாரணத்திற் சிக்கனம் காட்டப்பட்டது. நிலவரியில் அந்தச் சிக்கனம் காணப்படவில்லை.

துறைமுகங்களுக்கென வகுக்கப்பட்ட ஒன்று முதல் பதினொன்று வரையான அடையாள இலக்க முறை ஏகாதிபத்தியம் போன பின்னரும் அப்படியே நிலைத்தது. கப்பற் தலைவனுக்கு அவ்விலக்கங்களுள் ஒவ்வொன்றும் ஒரு பொருள் தரும். புயல் துறைமுகத்தின் வலப்புறமாகச் செல்லுமா, இடப்புறமாகச் செல்லுமா என்பதும் அதில் அடக்கம். எழுத்தறியாத ஓர் உழவனுக்கு எட்டாம் இலக்கத்திற்கும் ஒன்பதாம் இலக்கத்திற்கும் என்ன வேறுபாடு? அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே: வீட்டை விட்டு ஓடுவதா, இருப்பதா?

1960 ஒக்டோபரில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கிப் பல ஆயிரம் பேர் இறந்ததையடுத்து, பாகிஸ்தான் அரசு அமெரிக்காவின் உதவியைக் கோரியது. அங்கிருந்த தேசிய சூறாவளி நிலையத்தின் தலைவர் கோர்டன் டன் ஆராய்ந்து 1961இல் அறிக்கை சமர்ப்பித்தார். அவ்வறிக்கையின் விதந்துரைகள் யாவும் நிறைவேற்றப்படவில்லை. கிழக்கு வங்கத்துச் சணல் ஈட்டிய அந்நியச் செலாவணி மேற்கே சென்றுகொண்டிருந்த காலம் அது. கடற்கரைக்குக் கருவிகள் சில வந்தன; வானிலையாளர் புயலைக் காணும் ஆற்றல் பெற்றனர்; செய்மதிப் படங்கள்கூடக் கிடைத்தன. கண்டதைச் சர் நிலத்துக் குடிசைக்கு எடுத்துச் செல்லும் வழி மட்டும் உண்டாகவில்லை.

இதன் விளைவே 1970 நவம்பர் 12. நிலவு நிறையும் நாட்கள்; கடற்பெருக்கு உச்சத்தில் இருந்த நேரம். இருபது அடிக்கு மேலாகவும், சில இடங்களில் முப்பதடி வரையிலும் நீர் எழுந்தது. பின்னர் நடந்த ஆய்வொன்று, பாதிக்கப்பட்ட பகுதி மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புயல் வருவதை முன்னரே கேள்விப்பட்டிருந்தனர் என்று கண்டது. ஆயின் உறுதியான கட்டிடமொன்றிற் புகலடைந்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருந்தனர். இதைக் கொண்டு மக்களின் அறியாமையைப் பழிப்போர் உளர். புகுவதற்கு அங்கே கட்டிடம் எத்தனை இருந்தன என்பதை அவர்கள் கேட்பதில்லை. நெல்லையும் மாட்டையும் விட்டு ஓடியவனுக்குத் திரும்பி வரும்போது அவை இருக்குமா, ஜோத்தாரின் நிலத்தில் இடம் இருக்குமா என்பதையும் கேட்பதில்லை.

அல்பிரட் சொம்மர், வைலி மொஸ்லி என்னும் இரு மருத்துவர்கள் நடத்திய கணக்கெடுப்பு 1972இல் “லான்செற்” என்னும் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. அதனை வாசிப்பது கடினம். மொழி காரணமன்று, அதிலுள்ள இலக்கங்களே காரணம். ஆகக் குறைந்தது 224,000 பேர் இறந்தனர் என அவர்கள் கணித்தனர். தஜுமுத்தீன் என்ற பகுதியிற் குடித்தொகையின் 46 வீதத்தினர் அழிந்தனர். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் குடித்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர். இறந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. உயிர் தப்பியோரில் வலுவுள்ள ஆண்களே அதிகம். தப்பியவர்களின் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் ஒரே வகையான காயத்தை மருத்துவர்கள் கண்டனர். இரவு முழுவதும் பனை மரத்தையும் தென்னை மரத்தையும் இறுகத் தழுவிக்கொண்டிருந்ததால் தோல் உரிந்த காயம் அது. மரத்தைத் தழுவும் வலிமை குழந்தைக்கு இல்லை. குழந்தையைத் தழுவிய தாய்க்கு மரத்தைத் தழுவக் கை இல்லை.

இன்னொன்று. நவம்பர், ஆமன் நெல் அறுவடைக் காலம். அறுவடைக்காக வேறு மாவட்டங்களிலிருந்து கூலியாட்கள் திரளாக அத்தீவுகளுக்கு வந்திருந்தனர். வீட்டு வாரியாக எடுக்கப்பட்ட கணக்கில் வீடற்ற அவர்கள் சேரவில்லை. எவ்வளவு பேர் வந்தனர், எவ்வளவு பேர் திரும்பினர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. மூன்று இலட்சமா, ஐந்து இலட்சமா என்ற தடுமாற்றத்தின் அடியில் கிடப்போர் இக்கூலிகளே.

ஜனாதிபதி யாஹியாகான் சீன விஜயத்திலிருந்து திரும்பும் வழியில் டாக்காவில் இறங்கி, விமானத்தில் இருந்தவாறே அழிவைப் பார்வையிட்டு, மேற்கே சென்றார். முதியவரான மௌலானா பாஷானி கழிமுகத்திற்கு நேரிற் சென்று பார்த்துவிட்டு வந்து டாக்கா பல்தான் மைதானத்திற் பெருங்கூட்டத்தின் முன் அரசைக் குற்றஞ்சாட்டினார். டிசம்பர் 7இல் நடந்த தேர்தலிலும், புயலால் ஒத்திவைக்கப்பட்டு 1971 ஜனவரியில் கடற்கரைத் தொகுதிகளில் நடந்த தேர்தலிலுமாக, கிழக்கு வங்கத்தின் 162 பொதுத் தொகுதிகளுள் 160ஐ அவாமி லீக் வென்றது. பிரிவினைக்குப் புயல்தான் காரணம் என்று சொல்வது வரலாற்றைச் சிறுமைப்படுத்துவதாகும். மொழிப் போராட்டமும் பொருளாதாரச் சுரண்டலும் இருபது ஆண்டுகளாகத் தயாரித்த மண் அது. எனினும், தம் உயிர் ஆட்சியாளரின் கணக்கில் என்ன விலை பெறும் என்பதை அப்புயல் கடைசிக் குடியானவனுக்கும் உணர்த்திவிட்டது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கல்கத்தா வீதிகளிற் செத்து விழுந்தோரைக் கரிய மையில் வரைந்த ஓவியர் ஜைனுல் ஆபெதீன் இம்முறையும் தூரிகையை எடுத்தார். “மன்புரா 70” என்னும் முப்பதடி நீளச் சுருளோவியம் அத்தீவில் ஒதுங்கிய உடல்களின் வரிசை. வங்காளத்தின் இரண்டு பேரழிவுகளையும் ஒரே கை வரைந்தது தற்செயலானதென்று தோன்றவில்லை.

விடுதலை பெற்ற நாடு கையில் ஒன்றுமின்றி நின்றது. பாலங்கள் தகர்ந்திருந்தன, களஞ்சியம் வெறுமையாயிருந்தது. அந்நிலையில் 1972இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் லீக் தொடக்கி வைத்து, 1973இல் அரசும் பொறுப்பேற்றுக்கொண்ட புயல் ஆயத்தத் திட்டம் மிக மலிவானதொரு கருவியைப் பயன்படுத்திற்று. அக்கருவி மனிதன். கடற்கரைக் கிராமங்களிலிருந்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர் திரட்டப்பட்டனர். சம்பளம் இல்லை. திரான்சிஸ்டர் வானொலி, கையால் சுழற்றும் சங்கு, ஒலிபெருக்கிக் குழல், சைக்கிள், கொடி ஆகியனவே அவர்களின் ஆயுதங்கள். எச்சரிக்கை நிலையில் ஒரு கொடி, அபாயத்திற்கு இரண்டு, பேரபாயத்திற்கு மூன்று. துறைமுகத்து இலக்கத்தைக் கிராமத்து மொழிக்குப் பெயர்த்தது இக்கொடிதான்.

இத்திட்டத்தின் இரகசியம் கொடியில் இல்லை. வானொலியிற் பேசுபவனை உழவன் அறியான், கொடியேற்றுபவனை அறிவான். அவன் அயல்வீட்டுக்காரன், பிள்ளைக்குப் பாடம் சொல்லும் வாத்தியார், அல்லது கூட மீன்பிடிக்கப் போகிறவன். “என் தாயையும் அனுப்பிவிட்டேன், நீயும் வா” என்று வாசலில் வந்து நிற்பவனின் சொல்லுக்குள்ள வலு அரசாங்க அறிவித்தலுக்கு வராது. அதே ஆண்டுகளில் மாடுகளும் மனிதரும் ஏறி நிற்பதற்கு “கில்லா” எனப்படும் மண்மேடுகள் எழுப்பப்பட்டன. மாட்டுக்கும் இடம் வைத்தது அற்பமான விடயமன்று. ஒரு சோடி எருதை விட்டுவிட்டு வரச்சொன்னால் ஏழை உழவன் வரமாட்டான். அவ்வெருதே அவன் அடுத்த ஆண்டின் சோறு.

தொண்டர் இருந்தும் 1991 ஏப்ரல் 29ஆம் நாள் இரவு சிட்டகொங், கொக்ஸ் பஸார்க் கரைகளிலும், சந்துவீப், குதுப்தியா தீவுகளிலும் ஏறத்தாழ 139,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை போயிற்று, பத்தாம் இலக்கம் ஏற்றப்பட்டது, கொடிகளும் பறந்தன. போவதற்கு இடமில்லை. கோடிக்கணக்கான மக்கள் வாழும் கரையில் இருந்த புகலிடங்கள் சில நூறே. தொண்டனின் நா எவ்வளவு உழைத்தாலும் சீமெந்தின் வேலையை அது செய்யாது என்பதை அவ்வாண்டு கற்பித்தது.

வேறொன்றையும் கற்பித்தது. இருபது வயதுக்கும் நாற்பத்து நாலு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களில் ஆயிரத்திற்கு 15 பேர் இறந்தனர். அதே வயதுப் பெண்களில் ஆயிரத்திற்கு 71 பேர். புயலுக்கு ஆண் பெண் என்ற பேதம் தெரியாது. பேதம் வீட்டுக்குள் இருந்தது. கணவன் வராமல் வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று காத்திருந்தனர் பலர். அந்நிய ஆடவர் நெருங்கி நிற்கும் இடத்தில், தனி மலசலகூடமும் இல்லாத இடத்தில், இராத்தங்க அஞ்சினர் பலர். சேலை தண்ணீரில் காலைச் சுற்றியது. நீந்தவும் மரம் ஏறவும் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சிறுமிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைமையின் பெருமை பேசுவோர் இவ்விலக்கங்களைச் சற்று நேரம் பார்த்திருத்தல் நன்று.

1991இன் பின்னர் நடந்த பணியில் ஆசிரியர்களுக்குரிய பங்கொன்று உண்டு. பேராசிரியர் ஜமீலுர் ரெஸா சௌத்ரி என்னும் பொறியியலாளரின் தலைமையிலான குழு புதிதாக 2,500 புகலிடங்கள் அமைக்க வேண்டுமென்று கூறிற்று. ஆண்டிற் சில நாட்களுக்கு மட்டும் பயன்படும் கட்டிடம் மற்ற நாட்களிற் பாழடைந்து போகும் என்பதை அறிந்திருந்தமையால், அவற்றைப் பாடசாலைகளாக அமைக்கும் முறை வலுப்பெற்றது. உயர்ந்த தூண்களின் மேல் வகுப்பறைகள். கீழே நீர் ஓட வெறுந்தளம். மேலே தட்டையான கூரை. பின்னர் கட்டப்பட்டவற்றிற் பெண்களுக்குத் தனி அறையும் மலசலகூடமும் சேர்ந்தன. இதனால் ஒரு நன்மை விளைந்தது: புகலிடத்தின் திறப்பைத் தேடி அதிகாரியின் வீட்டிற்கு ஓடவேண்டியதில்லை, திறப்பு தலைமையாசிரியரிடம் இருக்கும். வேறொரு நன்மையும் விளைந்தது. முன்னர் பள்ளிக்கூடமே இல்லாத தீவுகளுக்குப் புயலின் பெயரால் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளை நாள்தோறும் ஏறிய படியில் தாய் அந்த ஓரிரவில் தயங்காது ஏறினாள்.

தொண்டர் படையிலும் மாற்றம் வந்தது. இன்று அது 76,000 பேரைக் கொண்டது. ஒவ்வொரு குழுவிலும் பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். பெண் வந்து அழைத்தால் பெண் வெளியே வருவாள் என்ற எளிய உண்மையை அமைப்பிற் சேர்த்துக்கொள்ள ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. இடையில் 1975இல் இராணுவம் வந்தது. 1982இல் மீண்டும் வந்தது. 1990இல் மக்கள் எழுச்சியினால் வீழ்ந்தது. 2024 ஓகஸ்டில் மாணவர் எழுச்சி மற்றொரு ஆட்சியைக் கவிழ்த்தது. கொடியேற்றும் தொண்டன் எல்லா ஆட்சிகளின் கீழும் கொடியேற்றினான்.

உயிரைக் காப்பதில் ஓர் ஏழை நாடு அடைந்த இவ்வெற்றியை எவரும் மறுக்க இயலாது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் 2005இல் கத்ரினா புயலின்போது வாகனமில்லாத ஏழைக் கறுப்பு மக்கள் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் கைவிடப்பட்டதை நினைத்தால், இவ்வெற்றியின் தன்மை விளங்கும். ஆயின் காலை விடிந்து புகலிடத்திலிருந்து இறங்கும் அம்மக்களின் பின்னே சென்று பார்த்தால் கதை வேறு.

பூமியின் வெப்பம் ஏறுகின்றது. கடல் மட்டம் ஏறுகின்றது. உவர்நீர் ஆற்றின் வழியே உள்நாட்டிற்குள் ஏறுகின்றது. உலகம் வெளியேற்றும் வெப்ப வாயுக்களில் வங்காளதேசத்தின் பங்கு அரை வீதம்கூட இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக நிலக்கரியை எரித்துக் கைத்தொழிலாண்டவர் வேறு. நீரில் நிற்பவர் வேறு. 2009இல் அந்நாடு தனக்கெனக் காலநிலை மாற்றத் திட்டமொன்றை வகுத்து, பிறர் தரும் வரை காத்திராது தன் சொந்த வருவாயிலிருந்து ஒரு நிதியத்தையும் தொடங்கியது. உவரைத் தாங்கும் நெல்லினங்களை அதன் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. 2007இல் வந்த பிரி தான் 47 அவற்றுள் ஒன்று. சர்வதேச மாநாடுகளில் ஏழை நாடுகளின் குரலாகப் பல்லாண்டுகள் நின்ற சலீமுல் ஹக் 2023இற் காலமானார்; இழப்பிற்கும் சேதத்திற்குமான நிதியம் அமைக்க 2022இல் எகிப்தில் நடந்த மாநாடு உடன்பட்டதைக் காணும் அளவிற்கு அவர் வாழ்ந்தார். உடன்பட்ட நிதியத்திற் பணம் சேர்வது வேறு கதை. காலநிலை உதவி என்ற பெயரில் ஏழை நாடுகளுக்கு வருவதிற் பெரும் பகுதி கடன். நெருப்பு வைத்தவன் தண்ணீரை வட்டிக்குக் கொடுப்பது போன்றது இது.

வெளியில் நீதி கேட்கும் அரசு உள்நாட்டில் என்ன செய்தது என்பதையும் சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மையே சொன்னவராவோம். சிடரின் வேகத்தைத் தாங்கிய சுந்தரவனத்தின் அயலில், ராம்பாலில், இந்தியாவுடன் கூட்டாக 1,320 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் கட்டப்பட்டது. இடதுசாரிகளும் மாணவரும் ஆண்டுக்கணக்காக ஊர்வலம் நடத்தினர், தடியடி பட்டனர், மின்நிலையம் 2022 டிசம்பரில் இயங்கத் தொடங்கிற்று.

அணைகளின் வரலாறோ இதனிலும் பழையது. 1950களின் வெள்ளங்களுக்குப் பின் 1957இல் குருக் என்பவரின் தலைமையில் வந்த ஐக்கிய நாடுகள் குழுவின் ஆலோசனையை ஒட்டி, 1960களில் கடற்கரை வட்ட வட்டமாக மண்ணணைகளால் அடைக்கப்பட்டது. போல்டர் என ஒல்லாந்துப் பெயரால் வழங்கும் இவை 139. உவர்நீர் நின்றது, சில ஆண்டுகள் நெல் நன்கு விளைந்தது. அணை நீரை மட்டும் மறிக்கவில்லை, வண்டலையும் மறித்தது. வெளியே ஆற்றின் படுகை வண்டலால் உயர்ந்தது. உள்ளே நிலம் தாழ்ந்து மழைநீர் வடியாமற் தேங்கிற்று. பீல் டக்காத்தியா என்ற தாழ்நிலத்தில் ஆண்டுக்கணக்காக நீரில் நின்ற விவசாயிகள் 1990இல் தாமே மண்வெட்டி எடுத்து அணையை வெட்டி ஆற்றை உள்ளே விட்டனர். பெருக்கும் வற்றும் மாறி மாறி வண்டலைக் கொண்டு வந்து போட்டன. 1997இல் பீல் பைனாவிலும் இதுவே நிகழ்ந்தது. பொறியியலாளர் பின்னர் இதற்குப் பெயரிட்டுத் திட்டமாக்கினர்.

1980களில் வேறொரு கேடு வந்தது. மேலைநாட்டு உணவுமேசைக்கு இறால் வேண்டியிருந்தது. உலக வங்கியும் கடன் கொடுத்து ஊக்கிற்று. நகரத்துப் பணக்காரர் வந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தனர். கொடுக்க மறுத்தவரின் வயலுக்கும் அணையைத் துளைத்து உவர்நீர் விட்டனர். உவர் புகுந்த நிலத்தில் நெல் இல்லை, மாட்டுக்குப் புல் இல்லை, குடிநீர்க் குளம் இல்லை. பத்துப் பேர் நாற்று நட்ட வயலில் இறாலுக்குக் காவலாக ஒருவன் போதும். குல்னா மாவட்டத்தின் 22ஆம் போல்டரில் நிலமற்றோர் சங்கத்தினர் இறாலை உள்ளே விடுவதில்லை என்று உறுதி பூண்டனர். 1990 நவம்பர் 7ஆம் நாள், ஹரின்கோலா என்னுமிடத்தில் இறால் முதலாளி ஒருவரின் அடியாட்கள் ஊர்வலத்தைத் தாக்கினர். முன்னணியில் நின்ற கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார்.

துளைக்கப்பட்ட அணை எப்படிப்பட்டது என்பதை 2009 மே 25ஆம் நாள் வந்த அய்லா காட்டிற்று. அது பெரும் புயலன்று. நாட்டில் இறந்தோர் இருநூறுக்கு உட்பட்டோர். பத்திரிகைகள் விரைவில் மறந்துவிட்டன. ஆயின் சாத்கீராவிலும் குல்னாவிலும் அணைகள் உடைந்து, கபுரா போன்ற ஊர்களிற் கடல் நாளுக்கு இருமுறை வந்து போயிற்று. உடைப்பு அடைபட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அவ்வளவு காலமும் மக்கள் எஞ்சிய அணையின் முதுகில் கூடாரமிட்டு வாழ்ந்தனர். புயலில் இறக்காதவர் என்ற கணக்கில் அவர்கள் வெற்றிப் பட்டியலிற் சேர்ந்துள்ளனர்.

அவர்களிற் பலர் ஊரை விட்டுச் சென்றனர். அவர்களுக்கு முன்னே சென்றோர் போட்ட பாதை இருந்தது. டாக்காவின் மீர்பூரில் “போலா பஸ்தி” என்றொரு சேரி உண்டு. போலாத் தீவிலிருந்து ஓடிவந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே ரிக்சா இழுக்கின்றனர், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகின்றனர். கொக்ஸ் பஸாரின் விமான நிலையத்தருகே “குதுப்தியா பாரா” உள்ளது; 1991இன் புயலுக்குப் பின் வந்து மீன் உலர்த்திப் பிழைப்போர் அங்குள்ளனர். விமான நிலையத்தை விரிவாக்கும் தேவை வந்தபோது, அவர்களிற் சிலருக்கென குருஷ்குலில் மாடிவீடுகள் கட்டப்பட்டு 2020இல் முதற் பகுதி கையளிக்கப்பட்டது. வீடு நல்ல வீடு. மீன் உலர்த்தும் மணலை மட்டும் மாடிக்குக் கொண்டுபோக முடியாது.

22ஆம் போல்டரில் இன்றும் இறால் வளர்க்கப்படுவதில்லை. அயலிலுள்ள போல்டர்களில் உவர்நீர் பளபளக்க, அங்கே நெல்லும் மரமும் மாடும் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 7ஆம் நாள் நிலமற்றோர் சங்கத்தினர் ஆயிரக்கணக்கில் ஹரின்கோலாவிற் கூடுகின்றனர். மழைக்காலத்தின் முன் அணையின் பலவீனமான இடங்களை அவர்களே மண்ணிட்டுக் கட்டுகின்றனர்.